மான் பண்ணை வேலி: எதை அளக்கிறது சட்டம்?

வேலி போடுவது எதற்கு? உள்ளே இருப்பதைக் காப்பதற்கு. அல்லது உள்ளே இருப்பது வெளியே ஓடாமல் தடுப்பதற்கு. சிறு குழந்தையும் இந்த விடையைச் சொல்லிவிடும். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு நிலத்தைச் சுற்றி நிற்கும் வேலியைக் காப்பாற்றுவதற்காக ஓர் அரசாங்கமே அந்த நிலத்தை விலை கொடுத்து வாங்கிய கதையை நீங்கள் கேட்டதுண்டா?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்மண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ஏறத்தாழ 80 ஏக்கர் பரப்பில் ஒரு மான் பண்ணை இருந்தது. 2002ஆம் ஆண்டு அங்கிருந்த ஒரு மானுக்குக் கொடிய நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வழக்குகள், வாதங்கள் எல்லாம் முடிந்து, 2006ஆம் ஆண்டு சனவரியில் எஞ்சியிருந்த 76 மான்களும் கொல்லப்பட்டன. அவற்றின் உடல்களைச் சோதித்தபோது 60 மான்களுக்கு அந்நோய் இருந்தது தெரிந்தது. நூற்றுக்கு எண்பது என்று சொல்லலாம்.

மான்கள் போய்விட்டன. ஆனால் நோய் போகவில்லை. அது மண்ணில் தங்கியிருக்கக் கூடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். பண்ணை உரிமையாளர் வேலியை வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்ததும், 2011இல் மாநில இயற்கைவளத் துறை 4,65,000 டாலர் கொடுத்து அந்த நிலத்தை வாங்கியது. பயிரிடுவதற்காக அன்று, கட்டடம் கட்டுவதற்காகவும் அன்று. வெளியே திரியும் காட்டு மான்கள் அந்த மண்ணில் வாய் வைத்துவிடாமல் வேலியைப் பராமரிப்பதற்காக!

உள்ளிருக்கும் மான் வெளியே போகாமல் தடுக்கக் கட்டிய வேலி, வெளியிலிருக்கும் மான் உள்ளே வராமல் தடுக்கும் வேலியாக மாறிவிட்டது. மான் பண்ணை வேலிகளைப் பற்றிய சட்டங்களின் குறை முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சி நமக்குக் காட்டிவிடுகிறது. அந்தக் குறை என்ன, அது எப்படி நேர்ந்தது, எவ்வாறு திருத்தலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பண்ணைக்கு வந்த மான்

ஆட்டையும் மாட்டையும் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்து வருகிறான். வடதுருவப் பக்கத்து ரெயின்டீர் மானை நீக்கிவிட்டுப் பார்த்தால், மானைப் பண்ணையில் அடைத்து வளர்க்கும் தொழில் இன்றைய வடிவில் மிகவும் இளையது. அது பெரிய அளவில் வேரூன்றிய நாடு நியூசிலாந்து.

நியூசிலாந்தில் மான் இனமே இயற்கையில் கிடையாது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அங்குக் குடியேறிய ஆங்கிலேயர்கள் வேட்டை இன்பத்துக்காகச் செம்மான்களைக் கப்பலில் கொண்டு வந்து விட்டார்கள். அவற்றைப் பிடித்துத் தின்னும் விலங்கு அங்கு இல்லை. மான்கள் பெருகின, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து அழித்தன. 1930களில் அரசாங்கமே வேட்டைக்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி மான்களைச் சுடத் தொடங்கியது. பின்னர் மான் இறைச்சிக்கு அயல்நாடுகளில் விலை கிடைத்தது. ஹெலிகாப்டரில் பறந்து சென்று மானைச் சுட்டவர்கள், சில ஆண்டுகளில் ஹெலிகாப்டரில் சென்று மானை உயிரோடு பிடித்து வரத் தொடங்கினார்கள். 1969இல் மான் வளர்ப்புக்குச் சட்டம் இடம் கொடுத்தது. 1970களில் பண்ணைகள் பெருகின. ஸ்காட்லாந்திலும் 1970இல் கிளென்சாக் என்னுமிடத்தில் செம்மான் வளர்ப்பு ஆராய்ச்சி தொடங்கியது.

அன்று நியூசிலாந்து அரசுக்கு இருந்த அச்சம் ஒன்றே ஒன்றுதான். பாடுபட்டுக் குறைத்த மான் மீண்டும் காட்டுக்குள் ஓடிவிட்டால் என்ன செய்வது? ஆகவே வேலி உயரமாக இருக்க வேண்டும். உறுதியாக இருக்க வேண்டும். அங்குள்ள மான் வேலிகள் பொதுவாக 2 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பதன் காரணம் இதுவே. அச்சத்துக்கு ஏற்ற வேலி, வேலிக்கு ஏற்ற விதி. இதில் நாம் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

வட அமெரிக்காவின் நிலைமை வேறு. இறைச்சிக்காகவும், மருந்தென விற்கப்படும் இளங்கொம்புக்காகவும், பெருங்கொம்புடைய கலைமான்களை வேட்டைக்காரர்களுக்கு விற்பதற்காகவும் அங்கே பண்ணைகள் தோன்றின. வளர்க்கப்பட்டவை வெண்வால் மானும் எல்க் எனப்படும் பெரிய மானும். இவை இரண்டும் அந்த மண்ணின் சொந்த விலங்குகள். அதாவது, வேலிக்கு உள்ளேயும் மான். வேலிக்கு வெளியேயும் அதே மான். இந்த வேறுபாட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வந்த தொல்லைக்கெல்லாம் இதுவே வேர்.

எட்டு அடிக் கணக்கு

அமெரிக்காவில் 2012இல் மத்திய அரசின் வேளாண்மைத் துறை, நோயற்ற மான் மந்தைகளுக்குச் சான்றிதழ் வழங்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மான்களை அனுப்ப விரும்புவோர் இத்திட்டத்தில் சேர வேண்டும். வேலி உறுதியாக இருக்க வேண்டும், பழுதின்றிப் பேணப்பட வேண்டும், புதிதாகத் தோன்றும் மந்தைகளுக்குச் சுற்றுவேலி 8 அடி உயரமாவது இருக்க வேண்டும் என்று அதன் விதி கூறுகிறது. பல மாநிலங்களின் விதிகளும் இதே 8 அடியைத்தான் சொல்கின்றன.

இந்த 8 அடி யாரோ ஓர் அதிகாரி மனம்போன போக்கில் எழுதியதன்று. வெண்வால் மான் எவ்வளவு உயரம் தாண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். மான்களை அடைத்து வேலியைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனார்கள். 1.5 மீட்டர் வேலியை எல்லா மான்களும் தாண்டின. உயரம் கூடக் கூடத் தாண்டியவை குறைந்தன. 2.4 மீட்டர் வேலியை ஒரு மானாலும் தாண்ட முடியவில்லை. 2.4 மீட்டர் என்பது ஏறத்தாழ 8 அடி. ஆகவே, மானின் காலை அளந்து எழுதிய விதி என்ற வகையில் இது சரியான விதி. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால், அத்திட்டத்தின் நோக்கம் மானைத் தடுப்பது மட்டும் அன்று, நோயைத் தடுப்பது. மானின் காலை அளந்தவர்கள் நோயின் காலை அளந்தார்களா? நம் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது.

தாண்டாமலே தாண்டும் நோய்

1967இல் கொலராடோ மாநிலத்தின் போர்ட் காலின்ஸ் நகரில், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அடைத்து வைத்திருந்த மான்கள் காரணம் புரியாமல் மெலிந்து இறந்தன. தீவனத்தில் குறை என்று முதலில் எண்ணினார்கள். எலிசபெத் வில்லியம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1970களின் இறுதியில் அம்மான்களின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மூளைத் திசு கடற்பஞ்சு போலத் துளை துளையாக இருந்தது. ‘நாட்பட்ட மெலிவு நோய்’ என்று அதனைக் குறிப்பிடலாம். 1981இல் காட்டில் திரியும் எல்க் மானிடமும் அது காணப்பட்டது. இன்று அமெரிக்காவின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது பரவியிருக்கிறது. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, பிடித்த மான் பிழைப்பதும் இல்லை. மனிதருக்கு இந்நோய் வந்ததாக இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள்.

இந்நோயை உண்டாக்குவது பாக்டீரியாவும் அன்று, வைரசும் அன்று. பிரியான் எனப்படும் ஒரு புரதம். மான் உடலில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம், தன் மடிப்பு மாறித் தவறான வடிவத்தை அடைகிறது. அப்படி மாறிய புரதம், பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மாற்றிவிடுகிறது. காய்ச்சிய பாலில் ஒரு துளி மோர் விட்டால் விடிவதற்குள் பால் முழுவதும் தயிராகிவிடுகிறது அல்லவா? ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் உறை மோரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு. பிரியானில் உயிரே கிடையாது. உயிர் இல்லாததால் அதனைக் கொல்லவும் முடிவதில்லை! சாதாரணக் கொதிநீருக்கும் கிருமிநாசினிக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. இப்புரதத்துக்குப் பிரியான் என்று 1982இல் பெயரிட்ட ஸ்டான்லி புருசினருக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேலிச் சட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மூன்று செய்திகளைப் பாருங்கள்.

முதலாவது, நோய் தொற்றிய மான் உடனே மெலிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பார்வைக்கு நலமாகவே இருக்கிறது. அந்தக் காலத்திலேயே நோயைப் பரப்பவும் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, மானின் எச்சிலில் நோய்ப் புரதம் இருக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற மானின் எச்சில் மூலம் மற்ற மான்களுக்கு நோய் தொற்றுவதை மெய்ப்பித்தது. சிறுநீரிலும் சாணத்திலும்கூட அது வெளியேறுகிறது.

மூன்றாவது, அது மண்ணில் நிலைத்து நிற்கிறது. கொலராடோ ஆராய்ச்சியாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற மான்கள் இருந்து, பின்பு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்த அடைப்பில் நல்ல மான்களை விட்டார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது. களிமண்ணிலுள்ள சில கனிமங்களோடு பிரியான் இறுக ஒட்டிக்கொள்வதும் பின்னர் தெரிய வந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். எச்சிலில் உள்ள நோய் வெளியே வருவதற்கு மான் 8 அடி தாண்ட வேண்டுமா? மூக்கை நீட்டினால் போதாதா?

கண்ணியும் மூக்கும்

மான் வேலி என்பது சுவர் அன்று; கம்பி வலை. செவ்வகக் கண்ணிகள் வைத்துப் பின்னியது. தரையை ஒட்டிக் கண்ணிகள் நெருக்கமாகவும், மேலே போகப் போக அகலமாகவும் இருப்பது வழக்கம். மானின் உடல் நுழையாது. ஆனால் மூக்கும் நாக்கும் நுழையும்.

மான் தனிமையை விரும்பும் விலங்கும் அன்று. இனச்சேர்க்கைக் காலத்தில் உள்ளே பெண்மான்கள் இருந்தால், வெளியே திரியும் ஆண்மான் அந்த வாடையை மோப்பம் பிடித்து வேலியோரம் வந்து நிற்கிறது. உள்ளே கொட்டிய தீவனத்தின் மணமும் அவற்றை அழைக்கிறது. வேலிக்கு இருபுறமும் நின்று இரு மான்கள் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து கொள்கின்றன. வேலியின் உயரம் 8 அடியாக இருந்தால் என்ன, 18 அடியாக இருந்தால் என்ன? அந்த மூக்குகள் சந்திப்பது தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில்!

நாம் கொசுவலை வாங்கும்போது அதன் உயரத்தை மட்டும் கேட்டு வாங்கி வருகிறோமா? கண்ணி சிறியதா, பெரியதா என்று கையில் பிடித்துப் பார்க்கிறோம். எதைத் தடுக்க வேண்டுமோ அதன் அளவைப் பார்ப்பதுதான் அறிவு. 2012இல் விதியை எழுதியவர்களுக்கு எச்சில் பற்றிய 2006ஆம் ஆண்டு ஆய்வும், மண் பற்றிய 2004ஆம் ஆண்டு ஆய்வும் கிடைத்திருந்தன. இருந்தும் ஒற்றை வேலியோடும் உயரத்தோடும் அவர்கள் நின்றுவிட்டார்கள். உயரத்தை ஓர் அளவுகோலால் அளந்துவிடலாம். தொடர்பை அளப்பது கடினம். அளக்க எளியது எதுவோ அதையே விதியாக்கிவிடுவது அலுவலகங்களின் பழைய பழக்கம். நாட்டுக்கு நாடு இதில் வேறுபாடு இல்லை.

இரட்டை வேலி வழக்கு

இந்தக் குறையை அங்குள்ளவர்கள் அறியாமல் இல்லை. 2018இல் விஸ்கான்சினில், மாநில இயற்கைவளத் துறை ஓர் அவசர விதியைக் கொண்டு வந்தது. வெண்வால் மான் வளர்ப்போர் தம் வேலியை மேலும் பலப்படுத்த வேண்டும் என்றது. அதற்குச் சில வழிகளையும் காட்டியது. இரண்டாவதாக ஒரு வேலி போடலாம். அல்லது மின்வேலி அமைக்கலாம். அல்லது இடைவெளி இல்லாத அடைப்பு வைக்கலாம். எந்த வழியானாலும் உள்மானும் வெளிமானும் மூக்கு உரசக் கூடாது என்பதே நோக்கம்.

பண்ணையாளர்கள் எதிர்த்தார்கள். செலவு தாங்காது, சிறு பண்ணைகள் மூடப்படும் என்றார்கள். அதே ஆண்டில் சட்டமன்றத்தின் விதி ஆய்வுக் குழு அந்த விதியை நிறுத்தி வைத்துவிட்டது.

அடுத்த மாநிலமான மின்னசோட்டா வேறு வழியில் சென்றது. 2023இல் அங்கு நிறைவேறிய சட்டம், புதிய வெண்வால் மான் பண்ணைகளுக்கு இனி இடமில்லை என்றது. பண்ணை மானும் காட்டு மானும் உடல் தொடர்பு கொள்ளாதபடி தடுக்க வேண்டும் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது. உயரத்தைப் பற்றிய பேச்சு, தொடர்பைப் பற்றிய பேச்சாக மாறியது. காலதாமதமானாலும் இது சரியான திசையில் எடுத்து வைத்த அடி என்றே நாம் கருதுகிறோம்.

பண்ணையாளர் பக்க நியாயம்

விமர்சனம் செய்கிறவன் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பண்ணையாளர்களின் வாதத்தையும் பார்ப்போம்.

‘நோய் முதலில் காட்டில் தோன்றியதா, அடைப்பில் தோன்றியதா என்று யாருக்கும் தெரியாது. இன்று எங்கள் பண்ணைகளில் இருப்பதைவிடக் காட்டு மான்களில்தான் நோய் மிகுதி. காட்டிலிருந்து எங்களுக்கு வருகிறதா, எங்களிடமிருந்து காட்டுக்குப் போகிறதா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். இது தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. 2016இல் நார்வே நாட்டில் காட்டு ரெயின்டீர் மான்களிடம் இந்நோய் காணப்பட்டது. அங்கே மான் பண்ணை வேலி எதுவும் காரணமாகச் சொல்லப்படவில்லை. நோயை ஒழிக்க அப்பகுதியில் இருந்த 2,000க்கும் மேற்பட்ட ரெயின்டீர் மான்களை அந்நாட்டார் கொன்றார்கள்.

வேலியோரத் தொடர்பு உண்மையில் எவ்வளவு என்பதையும் சிலர் ஆராய்ந்தார்கள். கொலராடோவிலும் மிச்சிகனிலும் பண்ணை வேலிகளில் வீடியோ கேமராக்களை வைத்து நெடுங்காலம் கண்காணித்த ஆய்வுகள் 2007இல் வெளிவந்தன. வெண்வால் மான்கள் வேலியில் மூக்கு உரசுவது அரிது. எல்க் மான்களிடம் அது கூடுதல் என்று அவை காட்டின. அரிது என்றால் இல்லை என்று பொருள் அன்று. தொற்றுவதற்கு ஒருமுறை போதும். ஆயினும் எல்லாப் பண்ணைக்கும், எல்லா மானுக்கும் ஒரே அளவில் செலவைச் சுமத்துவது முறையா என்ற கேள்விக்கு இந்த ஆய்வுகள் இடம் கொடுக்கின்றன.

அத்துடன், காட்டிலிருந்து பண்ணைக்கு நோய் வருகிறது என்பது உண்மையானால், இரண்டாவது வேலி பண்ணையாளரையும் அல்லவா காக்கிறது? நோய் கண்ட மந்தையைக் கொல்ல நேர்ந்தால் மத்திய அரசு ஒரு மானுக்கு அதிகமாக 3,000 டாலர் வரைதான் ஈடு தருகிறது. பெருங்கொம்புடைய கலைமானின் சந்தை விலை அதனினும் பல மடங்காக இருக்கலாம். தம் வாதத்தைத் தாமே முழுமையாகப் பின்பற்றியிருந்தால், பண்ணையாளர்கள் இரட்டை வேலியை எதிர்ப்பதற்குப் பதில், அதற்கு உதவித் தொகை கேட்டிருக்க வேண்டும்.

வேலியைத் தாண்டும் மனிதன்

இரண்டு வேலி போட்டுவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுவும் இல்லை. இரட்டை வேலியை ஆதரிப்போர் மறந்துவிடும் பகுதி இது.

இந்நோய் நெடுந்தூரம் பயணம் செய்தது மானின் காலால் அன்று, லாரியின் சக்கரத்தால். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 1996இல் பண்ணை எல்க் ஒன்றிடம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த மான்களோடு அது வந்து சேர்ந்தது. அந்தக் கனடாவிலிருந்து எல்க் மான்களை இறக்குமதி செய்த தென்கொரியாவில் 2001இல் நோய் தலைகாட்டியது. நடுவே பசிபிக் பெருங்கடல்! அதைவிடப் பெரிய வேலியை யாரால் போட முடியும்? ஒரு கையெழுத்திட்ட சீட்டு அந்த வேலியைத் தாண்டிவிட்டது.

மின்னசோட்டாவில் 2021இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. நோய் கண்ட ஒரு பண்ணையின் மான் எலும்புகளும் கழிவுகளும் அருகேயிருந்த பொது நிலத்தில் கொட்டப்பட்டிருந்தன. காட்டு மான்கள் நெருங்காதபடி அந்தப் பொது நிலத்தைச் சுற்றி அரசு புதிதாக வேலி போட நேர்ந்தது. பண்ணை வேலி எவ்வளவு உயரம் இருந்து என்ன பயன்? செத்த மான் வாசல் வழியாகவே வெளியே போயிற்று. மேலும், நோயுற்ற மூளைத் திசுவைத் தின்ற காக்கையின் எச்சத்தில்கூடத் தொற்றும் தன்மை மாறாமல் இருப்பதாக ஆய்வக முடிவுகள் உண்டு. காக்கைக்கு வேலி போட முடியாது. மழைநீருக்கும் போட முடியாது. ஆனால் செத்த மானை உடனே முறைப்படி அகற்ற முடியும்; தீவனத் தொட்டியை வேலியிலிருந்து தள்ளி வைக்க முடியும். இவற்றுக்குப் பெருஞ்செலவும் இல்லை.

ஓணான் சாட்சி

‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. வேலியில் குடியிருப்பவனே வேலிக்குச் சாட்சி சொன்னால் எப்படி இருக்கும்?

வேலி ஒருநாள் நன்றாக இருந்தால் போதாது. ஆண்டு முழுவதும் நன்றாக இருக்க வேண்டும். புயலில் மரம் விழுந்து வேலி சாய்கிறது. வெள்ளத்தில் அடிமண் அரித்து மான் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுகிறது. குளிர்காலத்தில் வேலியோரம் பனி குவிந்து இறுகினால் 8 அடி வேலி 5 அடி வேலியாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயிற்கதவைத் திறந்து போட்டுவிட்டு மறந்து போகும் மனிதன் இருக்கிறான். சோதனை செய்யும் அதிகாரியோ எப்போதோ ஒருமுறை வருகிறார். அவர் வந்து உயரத்தை அளந்து, ‘சரி’ என்று எழுதிவிட்டுப் போகிறார். மற்ற நாள்களில் சாட்சி பண்ணைக்காரரே.

விஸ்கான்சினில் 2003இல் வனக்காவலர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று விசாரித்தபோது, 400க்கும் மேற்பட்ட மான்கள் தப்பி ஓடியிருந்தது தெரிய வந்தது. அங்கே வேறொரு விசித்திரமும் உண்டு. வெண்வால் மான் பண்ணையின் வேலியைக் கவனிப்பது இயற்கைவளத் துறை. வேலிக்குள் இருக்கும் மானைக் கவனிப்பது வேளாண்மைத் துறை. வேலி ஒருவர் கையில். மான் இன்னொருவர் கையில். நோய் மட்டும் இருவருக்கும் பொது. மின்னசோட்டாவிலும் மேற்பார்வை சரியில்லை என்று 2018இல் சட்டமன்றத் தணிக்கை அலுவலகம் குறை கூறியது. செத்த மான்களின் திசு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பாத பண்ணையாளர்கள் பலர் இருந்தும் உரிய நடவடிக்கை இல்லை என்பது அந்தக் குறைகளுள் ஒன்று. பின்னர் வெண்வால் மான் பண்ணைகளின் பொறுப்பே 2025இல் இயற்கைவளத் துறைக்கு மாற்றப்பட்டது.

நல்ல விதி எப்படி இருக்கும்?

குறை சொல்வது எளிது. திருத்தம் சொல்ல வேண்டும் அல்லவா? நம் கருத்தைச் சுருக்கமாகக் கூறுவோம்.

விதி முதலில் தன் நோக்கத்தைச் சொல்ல வேண்டும். ‘8 அடி வேலி போடு’ என்பது ஒரு வழி. ‘உள்மானும் வெளிமானும் ஒன்றையொன்று தொடக் கூடாது’ என்பது ஒரு நோக்கம். நோக்கத்தை விதியாக எழுதி, வழியைப் பண்ணையாளரிடம் விட வேண்டும். ஒருவர் இரண்டாம் வேலி போடுவார். இன்னொருவர் கீழ்ப்பகுதியைப் பலகையால் அடைப்பார். விஸ்கான்சினின் 2018ஆம் ஆண்டு விதி சில வழிகளைத் திறந்து வைத்த வகையில் நல்ல விதியாகவே இருந்தது. காட்டு மானும் நோயும் மிகுந்த இடத்தில் உடனடியாகவும், மற்ற இடங்களில் படிப்படியாகவும் கொண்டு வந்திருந்தால் அது பிழைத்திருக்கவும் கூடும்.

அடுத்து, வேலி விதி தனியாக நிற்கக் கூடாது. மான் வாங்கல் விற்றல், செத்த மானை அகற்றல், தீவனம் வைக்குமிடம், வேலி உடைந்தால் அறிவிக்க வேண்டிய கால அளவு ஆகிய எல்லாம் ஒரே விதியில், ஒரே துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பண்ணை மூடிய பிறகு வேலி என்ன ஆகும் என்பதைப் பண்ணை தொடங்கும் நாளிலேயே கேட்க வேண்டும். விஸ்கான்சினில் நோய் கண்ட பண்ணையின் வேலி ஐந்து ஆண்டுகள் நிற்க வேண்டும் என்பது கணக்கு. பிரியானுக்கு அந்த ஐந்தாண்டுக் கணக்கு தெரியாது. உரிமம் பெறும்போதே ஒரு பிணைத் தொகை கட்டச் செய்து, பின்னாளில் வேலியைப் பேண அதனைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் இலாபம் ஒருவருக்கு, வேலிச் செலவு ஊருக்கு என்றுதான் முடியும்.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான்களைக் காக்கிறது. வணிகத்துக்காக மான் பண்ணை நடத்த இங்கு இடமில்லை. மெலிவு நோயும் இங்கே காணப்பட்டதில்லை. எனவே இந்தச் சண்டை நமக்கு நேரடியானதன்று. இருப்பினும், ஒரு விதியை எப்படிப் படிக்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் உரியது. கோழிப் பண்ணையானாலும், தோல் தொழிற்சாலையின் கழிவுக் குழியானாலும், ‘இத்தனை அடி, இத்தனை அங்குலம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் நிறைவடைந்துவிடாதீர்கள். இந்த அளவு எதைத் தடுக்க எழுதப்பட்டது? தடுக்க வேண்டிய பொருள் அந்த வழியாகத்தான் போகிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

2006இல் ஆல்மண்ட் ஊரில் மடிந்த 76 மான்களில் ஒன்றும் வேலியைத் தாண்டவில்லை. சட்டம் கேட்டதை அந்த வேலி அன்று செய்து முடித்தது. நோயோ மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மானின் பாய்ச்சலை இவ்வளவு நுட்பமாக அளந்த மனிதன், தன் விதியின் பார்வையையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டாமா?